ஹெட் நர்ஸுக்கு அப்பா எழுதிய சீட்டு

அப்பா இறந்தபின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். முப்பத்தெட்டு வருஷம் மருந்து கொடுத்த மனுஷன், ஒருத்தருக்குக்கூடத் தப்பு மருந்து கொடுத்ததில்லை. உண்மைதான். சொன்னவர்களில் பாதிப்பேர் அந்த மருந்தைச் சாப்பிட்டுத் தேறியவர்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது, சீட்டைப் பார்த்து மருந்து கொடுத்த கம்பவுண்டரை. ஒரே ஒரு தடவை அவரே சீட்டு எழுதினார். அது ஒரு கோழிக்காக. அந்தக் கதை எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு வெல்டருக்கும் ஒரு கால்நடை டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்பா வேலை பார்த்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில். கம்பிகளுக்கு நடுவே கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. இந்தப் பக்கம் வரிசை, அந்தப் பக்கம் அப்பா. சீட்டு உள்ளே போகும், மருந்து வெளியே வரும். காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை சொல்வார். பிறகு அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வார். தப்பாகச் சொன்னால் மருந்தைக் கையிலிருந்து விடமாட்டார். வரிசை எவ்வளவு முணுமுணுத்தாலும் காதில் விழாது.

சீட்டு இல்லாமல் வந்தால் மாமனாராக இருந்தாலும் வெறுங்கைதான். பேச்சுக்குச் சொல்லவில்லை. அம்மாவின் அப்பா ஒருநாள் தலைவலி மாத்திரைக்கு அந்த ஜன்னலுக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்டு, டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கி, மறுபடி வரிசையில் நின்றார். அதற்குள் தலைவலியே போய்விட்டது. அம்மா அதைச் சொல்லிக்காட்டாத வருஷம் கிடையாது.

இன்னொரு முறை, ஒரு குழந்தைக்கான சீட்டில் மருந்தளவின் புள்ளி இடம் மாறி விழுந்திருந்தது. பார்த்த கணமே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சரியான அளவு என்ன என்பதும் தெரியும். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தார். டாக்டர் குளித்துக்கொண்டிருந்தார். கேட்டருகே மழையில் முக்கால் மணி நேரம் நின்றார். குழந்தையின் தகப்பன் பின்னாலேயே வந்து வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தான். டாக்டர் வெளியே வந்து, பார்த்து, முகம் வெளிறி, புள்ளியைத் திருத்திக் கொடுத்தார். தொப்பலாக நனைந்து வீடு வந்தவரிடம் அம்மா கேட்டாள், சரியான அளவு தெரிந்தும் நீங்களே போட்டுக் கொடுத்தால் என்னவென்று. எழுதின கைதான் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டினார்.

ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் வீட்டிலிருந்த மருந்து அலமாரியை மூன்று தடவை அடுக்கினார். நான்காவது தடவை அடுக்க உட்கார்ந்தபோது, அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஏழு கோழியும் ஒரு சேவலும் வாங்கி வந்தாள். சும்மா இருக்கிற மனுஷன் காலைச் சுற்றிக்கொண்டே இருப்பான், எட்டு உயிரைக் கொடுத்தால் எட்டு மூலைக்கும் ஓடுவான் என்பது அவள் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட மருந்துப் பெட்டிகளின் பலகையை வைத்து அப்பாவே கூண்டு கட்டினார். குளிர் அண்டக்கூடாதென்று சுவரை இரட்டைப் பலகையாக வைத்தார். எதையும் இரண்டு தடவை செய்கிறவர் அல்லவா. இரும்புக் கால்களைப் பக்கத்து வீட்டு வெல்டர் பற்றவைத்துக் கொடுத்தார். உள்ளே கோழிகள் ஏறி உட்காரக் குறுக்குக் கட்டை, முட்டையிட ஒரு மூலைப் பெட்டி. பெயர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தன. சேவல் சூப்பிரண்டு. எந்நேரமும் கொக்கரித்துக்கொண்டு வாசலில் நிற்பது ரிசப்ஷன். ராத்திரி கடைசியாக அடைகிறது நைட் டியூட்டி. பக்கத்தில் யாரையும் அண்டவிடாத செம்பழுப்புக் கோழி ஹெட் நர்ஸ். நிஜ ஹெட் நர்ஸ் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தப் பெயரைக் கேட்டுவிட்டார். அப்பா அன்று முழுவதும் தலை நிமிரவில்லை. அந்த அம்மாள் சிரித்துவிட்டு, கோழி தன்னைவிட நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது வருஷம் கோடையில் நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். அப்போது ஹெட் நர்ஸ் அடைக்கு உட்கார்ந்திருந்தது. மூலைப் பெட்டியில் ஒன்பது முட்டை. அப்பா அது உட்கார்ந்த தேதியை நாள்காட்டியில் சின்ன எழுத்தில் குறித்து, குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தோராம் நாளுக்கு மேல் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

ஆறாம் நாள் வாக்கில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மற்றக் கோழிகளின் முட்டை குறைந்தது. சாயங்காலம் கூண்டுக்குள் போக மறுத்தன. சூப்பிரண்டு துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது. எல்லாம் அலகால் இறக்கைக்கடியில் குடைந்துகொண்டே இருந்தன. ஹெட் நர்ஸ் மட்டும் உள்ளேயே இருந்தது. அடையிலிருந்து அது எழுந்திருக்காது.

அப்பா உடனே கால்நடை டாக்டரிடம் காட்ட முடிவு செய்தார். நோயாளி எல்லாரையும் கூட்டிப்போக முடியாது என்பதால் ரிசப்ஷனைத் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் ஒரு காரியம் நடந்தது. எங்கள் வீட்டில் டாக்டரிடம் அழுக்காகப் போகிற வழக்கம் இல்லை. காய்ச்சல் என்றால்கூட முகம் கழுவி, தலை வாரி, சலவைச் சட்டை போட்டுத்தான் போவோம். அழுக்காக வந்த நோயாளியைத் தொடும்போது டாக்டர் முகம் எப்படி மாறும் என்பதை முப்பத்தெட்டு வருஷம் ஜன்னல் வழியே பார்த்தவர் அப்பா. ஆகவே அம்மா வெதுவெதுப்பான தண்ணீர் விளாவிக் கொடுத்தாள், அப்பா சோப்புப் போட்டு ரிசப்ஷனைக் குளிப்பாட்டினார், நான் துண்டால் துடைத்தேன். படித்தவர்கள் மூன்று பேர். உடம்பில் இருந்த கொஞ்சநஞ்ச அடையாளத்தையும் கழுவி வடிகாலில் விட்டுவிட்டு, பூப்போல மணக்கிற ஒரு கோழியைக் கூடையில் வைத்து எடுத்துப் போனோம்.

கால்நடை டாக்டர் இளம் வயதுப் பெண். இறகை விலக்கி விலக்கிப் பார்த்தார். தோல் சிவந்திருப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. பேனாக இருக்கலாம் என்று ஒரு பூச்சிப் பவுடர் எழுதினார். கோழிகளுக்கு இறக்கையடியில் தூவவும், ஒரு முறை. அடையிலிருக்கிற கோழியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வாயால் சொன்னார்.

அப்பா அப்படியே செய்தார். ஏழு உயிருக்கும் ஒரு முறை. மீதிப் பவுடர் முக்கால் டப்பா இருந்தது. அதன்மேல் தேதி எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. நான்காம் நாள் சூப்பிரண்டு மறுபடி துணிக்கல்லின்மேல் ஏறிவிட்டது.

கண்டுபிடித்தது அம்மாதான். பதினோராம் நாள் காலை முட்டை எடுக்கக் கூண்டுக்குள் கை விட்டவள், முழங்கைவரை சொறிந்துகொண்டே அடுக்களைக்குள் வந்தாள். கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏங்க, கல்யாணமான புதுசுல நாம இருந்த வீட்டுல மூட்டைப்பூச்சி கடிச்சுதே, அப்ப யாருக்கு மருந்து போட்டோம்? உங்களுக்கா, கட்டிலுக்கா?”

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

அன்று இருட்டியபின் டார்ச்சும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கூண்டருகே போனோம். குறுக்குக் கட்டையின் அடிப்பக்கத்தில் அப்பா தாளை வைத்து அழுத்தி இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தாள் முழுக்கச் சிவப்புக் கோடுகள். செள்ளு. கடுகில் கால் பங்குகூட இராது. பகலெல்லாம் பலகை இடுக்கில் பதுங்கிக் கிடந்து, இருட்டியதும் இறங்கி வந்து கோழியின் இரத்தத்தைக் குடித்துவிட்டு, விடிவதற்குள் வீடு திரும்பிவிடுகிற ஜாதி. அப்பாவின் இரட்டைப் பலகைச் சுவர் அதற்கு மாளிகை மாதிரி. இடுக்கெல்லாம் சாம்பல் தூவியதுபோல் கிடந்தது, அந்தச் சாம்பல் நகர்ந்தது.

மற்றக் கோழிகள் வெளியே எங்காவது ஏறித் தப்பித்துக்கொண்டன. தப்பிக்க வழியில்லாதது ஹெட் நர்ஸ் ஒன்றுதான். அப்பா டார்ச்சை அதன் பக்கம் திருப்பினார். கொண்டை வெளுத்து, மெழுகு நிறத்தில் மடிந்து கிடந்தது. எப்போதும் கையைக் கொத்த வருகிற கோழி, தலையை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி முட்டைமேல் சாய்ந்துகொண்டது.

மறுநாள் விடிந்ததும் அப்பா கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டாக்டர் பத்து நாள் விடுப்பு. அவசரத்துக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தொலைபேசி எண் இருந்தது. அந்த எண் மணியடித்துக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்து, கூண்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். பவுடர் டப்பாவை எடுத்து, அதன்மேல் அச்சிட்டிருந்ததைப் படிப்பார். கூண்டின் இடுக்குகளிலும் தூவலாம், ஏழு நாள் கழித்து மறுபடி போடலாம் என்று அதிலேயே இருந்தது. நானும் படித்துக் காட்டினேன். டப்பாவில் ஆயிரம் போட்டிருக்கும், இந்த நோயாளிக்கு டாக்டர் ஒரு முறைதான் எழுதியிருக்கிறார் என்றார். கூண்டுக்குப் போடச் சொல்லி எழுதவில்லை. அடைக்கோழியைத் தொடவே வேண்டாம் என்றிருக்கிறார்.

வெல்டர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு விஷயத்தைக் கேட்டார். தன் பட்டறையில் காஸ் டார்ச் இருக்கிறது, அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் பத்து நிமிஷத்தில் இடுக்கெல்லாம் பொசுக்கிவிடலாம் என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அண்ணனிடமிருந்து வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஹெட் நர்ஸ் தண்ணீர் குடிக்கவில்லை. தானியத்தை முகத்துக்கு நேரே நீட்டினாலும் கண்ணைத் திறக்கவில்லை. அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“எங்கப்பா தலைவலியாவது தானா போச்சு. இது தானா போறப்ப கோழியும் சேர்ந்து போயிடும்.”

அப்பா பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தார்.

“எல்லாந்தான் தெரியுதே உங்களுக்கு. எது கடிக்குது, எங்க இருக்கு, எது போட்டா சாகும். டாக்டருக்கே தெரியாததும் தெரியுது. அப்புறம் என்னத்துக்குங்க பயம்?”

அப்பா ரொம்ப நேரம் பவுடர் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் தன்னைப் பற்றிப் பேசுகிறவர் இல்லை. அன்று பேசினார்.

“நான் கொடுத்த மருந்துல எத்தனையோ பேர் பிழைச்சாங்க. சில பேர் பிழைக்கல. ரெண்டுக்கும் நான் ராத்திரி நல்லா தூங்கினேன். எழுதினது இன்னொருத்தர்னு இருந்துச்சு. இதை நானா செஞ்சு, அது நாளைக்குச் செத்துக் கெடந்துச்சுன்னா, யார்கிட்டப் போய் நிக்கிறது?”

அம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“என்கிட்ட வந்து நில்லுங்க,” என்றாள். “எத்தனையோ விஷயத்துக்கு நின்னுருக்கீங்க. இதுக்கு நிக்க மாட்டீங்களா?”

அப்பா எழுந்து உள்ளே போனார். மேஜை இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆஸ்பத்திரிச் சீட்டு அளவுக்கு மடித்துக் கிழித்தார். பேனாவை உதறி எழுதினார். நோயாளி: அடைக்கோழி, செம்பழுப்பு, வயது மூன்று. கூண்டைக் காலி செய்யவும். கொதிநீர், பிறகு நெருப்பு, பிறகு பவுடர். நோயாளியை இருட்டியபின் முட்டைகளோடு இடம் மாற்றவும். இறக்கையடியில் பவுடர் கொஞ்சமாக, முட்டைமேல் படாமல். கோழிகளுக்கும் கூண்டுக்கும் ஏழு நாள் கழித்து மறுபடி. கடைசி வரியை எழுதும்போது, இன்று பொரிக்காத செள்ளு முட்டையெல்லாம் ஒரு வாரத்தில் பொரித்துவிடும், அதற்குத்தான் இந்த இரண்டாம் தடவை என்று யாருக்கோ விளக்குவதுபோல் வாய்விட்டுச் சொன்னார். கீழே கையெழுத்துப் போட்டார். டாக்டர் பெயர் வருகிற இடத்தில் அவர் பெயர் இருப்பதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்து, உரக்க இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அதன்பின் அவர் கை நிற்கவில்லை. குளியலறை மூலையில் அட்டைப்பெட்டி ஒன்றில் புது வைக்கோல் பரப்பினார். சாயங்கால வெளிச்சம் அணைந்ததும் ஒன்பது முட்டையையும் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து அதில் வைத்தார். பிறகு ஹெட் நர்ஸை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். அடிவயிற்றில் செள்ளு அப்பிக் கிடந்தது. பெரிய நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்டிரெச்சருக்கு மாற்றுகிற மாதிரி, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே பவுடரைத் தேய்த்தார். பெட்டியில் விட்டதும் அது எழுந்து நின்றது. இடம் மாறினால் அடையை விட்டுவிடும் கோழிகள் உண்டு. அது சுற்றிப் பார்த்தது, அலகால் ஒரு முட்டையை உள்ளே தள்ளியது, உட்கார்ந்தது. அம்மா அப்போதுதான் குளியலறை விளக்கை அணைத்தாள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் எங்களுக்கெல்லாம் கொல்லைக் குழாயடியில்தான் குளியல்.

கூண்டு வேலை காலையில் நடந்தது. இரட்டைப் பலகையில் உள்பலகை முழுவதையும் அப்பாவே பெயர்த்தார். தன் கையால் அடித்த ஆணி ஒவ்வொன்றும் கீச்சிட்டுக்கொண்டு வந்தது. அம்மா கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். வெல்டர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுக்கு இடுக்காக நீலத் தீயை ஓட்டினார். வறுகடலை பொரிகிற மாதிரிச் சின்னச் சின்னச் சத்தம்.

“அண்ணே, இத்தனை வருஷம் இரும்பைச் சுட்டேன், இவ்வளவு சந்தோஷமா எதையும் சுட்டதில்லை,” என்றார் வெல்டர்.

அப்பா சிரிக்கவில்லை. சீட்டைப் பார்த்து அடுத்த வரிக்குப் போனார். மற்றக் கோழிகளைக் காலைப் பிடித்து வரிசையாகக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் பவுடர். கொல்லையில் அவை புரள்வதற்கு மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி. பழைய குறுக்குக் கட்டை அடுப்புக்குப் போயிற்று.

அடுத்த நாட்களில் அப்பா தூங்கினாரா என்று தெரியவில்லை. குளியலறைக் கதவு திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் ஹெட் நர்ஸ் தண்ணீர் குடித்தது. நான்காம் நாள் தானியம் வைத்த கையைக் கொத்தியது. அப்பா இரத்தம் துளிர்த்த விரலை அடுக்களைக்குக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். ஏதோ பரிசு வாங்கி வந்த பிள்ளைபோல இருந்தது முகம். இருபத்தோராம் நாள் மாலை பெட்டிக்குள் முதல் ஓடு விரிசல் விட்டது. மறுநாள் விடிவதற்குள் ஐந்து குஞ்சுகள். நான்கு முட்டை பொரிக்கவில்லை. காலையில், சீட்டில் எழுதியபடி, கூண்டுக்கும் கோழிகளுக்கும் இரண்டாம் தடவை பவுடர் போட்டார் அப்பா.

அன்றைக்குத்தான் கால்நடை டாக்டர் விடுப்பு முடிந்து வந்திருந்தார். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். ஒரு பசுவுக்கும் ஒரு நாய்க்கும் நடுவே வெறுங்கையோடு வரிசையில் நின்றார். முறை வந்ததும் டாக்டர் என்ன விலங்கு என்று கேட்டார். அப்பா இரண்டு சீட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று டாக்டர் எழுதியது. இன்னொன்று தான் எழுதியது.

டாக்டர் இரண்டையும் படித்தார். இரண்டாவதை மறுபடி படித்தார்.

“இதை யாரு எழுதினது?”

“நான்தான் டாக்டர். உங்க சீட்டுல இல்லாததைச் செஞ்சேன். ஒரு முறைன்னு போட்டிருந்தீங்க, மேற்கொண்டு ரெண்டு முறை போட்டேன். தொட வேண்டாம்னு சொன்ன கோழியையும் தொட்டேன்.”

“கோழி எப்படி இருக்கு?”

“இருக்கு. அஞ்சு குஞ்சு.”

டாக்டர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். நானாக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன், ஐயா செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்றார். அடுத்தவரைக் கூப்பிட நிமிர்ந்தவர், அப்பா நகராமல் நிற்பதைப் பார்த்தார்.

“ஒம்பது வெச்சேன் டாக்டர். நாலு வரல,” என்றார் அப்பா. “தெரிஞ்சப்புறமும் மூணு நாள் உங்க கதவைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.”

முட்டை பொரிக்காததற்கு எத்தனையோ காரணம் இருக்கும், கருவே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டு, இரண்டு சீட்டையும் சேர்த்து மடித்துப் பையில் வைத்தார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். டாக்டர் திட்டினார்களா என்று கேட்டாள்.

“சரியாத்தான் செஞ்சேன்னாங்க,” என்றார் அப்பா. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எதிரே வந்து நின்றார். “லேட்டா செஞ்சேன்.”

அம்மா அவர் சட்டைப்பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த சீட்டை உள்ளே அழுத்திவிட்டாள்.

“ஆமா, லேட்டுதான்,” என்றாள். “கை கழுவிட்டு வாங்க. அஞ்சும் காலையிலேர்ந்து கத்துது, எதை எவ்வளவு கொடுக்கணும்னு எனக்குத் தெரியல.”